கையும் கணினியும்: கட்டடக்கலைக் கல்வியில் ஒரு கோட்டின் வரலாறு



‘எழுதுதல்’ என்றால் இன்று நாம் எழுத்தை மட்டுமே நினைக்கிறோம். பழந்தமிழில் அச்சொல் ஓவியம் தீட்டுவதையும் குறித்தது. ‘வரை’ என்னும் சொல்லோ கோடு இழுப்பதையும் எல்லை வகுப்பதையும் ஒருசேரக் குறிக்கும். கட்டடக்கலை பயில வரும் மாணவர் முதல் நாளிலேயே இந்த இரண்டு பொருளையும் சந்திக்கிறார். அவர் தாளில் இழுக்கும் கோடு நாளை சுவராக நிற்கும். உள்ளே இருப்போரையும் வெளியே இருப்போரையும் பிரிக்கும். ஆகவே, கட்டடக்கலையில் வரைதல் என்பது முன்பே எடுத்த முடிவைப் படமாகக் காட்டுவது மட்டுமன்று. முடிவெடுக்கும் செயலே அதுதான்.

அக்கோட்டைக் கையால் இழுக்கக் கற்பிப்பதா, கணினியால் இழுக்கக் கற்பிப்பதா என்னும் கேள்வி கடந்த அறுபது ஆண்டுகளாகக் கட்டடக்கலைப் பள்ளிகளை அலைக்கழித்து வருகிறது. கையே உயர்ந்தது என்பார் ஒருபுறம். கையின் காலம் முடிந்தது என்பார் மறுபுறம். இவ்விரு கூற்றுகளையும் வரலாற்றின் துணைகொண்டு உரசிப் பார்ப்பதே நம் நோக்கம். இது தொலைவில் உள்ள ஒரு துறையின் கதை எனினும், பேனாவுக்கும் விசைப்பலகைக்கும் இடையே நிற்கும் நம் வகுப்பறைக்கும் இதில் பாடம் உண்டு.

பன்னிரண்டு மணி நேரத்து ஓவியம்

மேலைநாட்டுக் கட்டடக்கலைக் கல்வியின் பேராலயமாக விளங்கியது பாரிஸ் நகரின் எக்கோல் தே போசார் என்னும் நுண்கலைப் பள்ளி. அதன் வேர் 1671இல் தொடங்கப்பெற்ற அரச கட்டடக்கலைக் கழகத்தில் இருந்தது. அப்பள்ளியில் விரிவுரைகளும் போட்டிகளும் நடைபெற்றன. வரையும் பயிற்சியை மாணவர்கள் தத்தம் ஆசிரியரின் பட்டறையில் பெற்றனர்.

போட்டியின் முறை நம் கவனத்துக்குரியது. மாணவர் ஒரு சிறு தடுப்பறையில் தனியே அமர்த்தப்படுவார். கொடுக்கப்பட்ட கட்டடத்துக்குரிய கருத்தை, எவர் உதவியும் இன்றி, 12 மணி நேரத்துக்குள் சிறு குறிப்போவியமாக வரைந்து ஒப்படைக்க வேண்டும். அதன் படி ஒன்றை எடுத்துச் சென்று, பின்வரும் வாரங்களில் பெரிய ஓவியமாக விரிப்பார். இறுதி ஓவியம் முதற்குறிப்பிலிருந்து அடிப்படையில் மாறுபட்டால் அது போட்டியிலிருந்து நீக்கப்படும். இறுதி நாளில் ஓவியங்களைச் சேகரிக்கத் தள்ளுவண்டி வரும். அவ்வண்டியைக் குறிக்கும் ‘சாரெட்’ என்னும் பிரெஞ்சுச் சொல், கடைசி நேரப் பரபரப்புக்கு இன்றும் கட்டடக்கலை மாணவர்களிடையே பெயராக நிலைத்திருக்கிறது.

இம்முறையில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. விரைவாக வரையும் கைக்குச் சிந்திக்கும் ஆற்றல் உண்டு என்று அப்பள்ளி நம்பியது. அதே வேளையில், அந்தக் கையை அது கடுமையாகக் கட்டியும் வைத்தது. முதல் நாளில் தோன்றியதை மறுபரிசீலனை செய்ய இடம் தரவில்லை. மேலும், மையைக் கரைத்துப் படிப்படியாக நிழல் தீட்டி முடித்த அந்த இறுதி ஓவியங்கள் கண்ணைப் பறிக்கும் அழகு கொண்டவை. எளிய திட்டத்தைக்கூட அவற்றால் மாளிகையாகக் காட்ட முடிந்தது. கணினித் திரையின் பளபளப்பான படங்கள் மாணவரை ஏமாற்றுகின்றன என்று இன்று குறைகூறுவோர், கைவரைவும் இதே குற்றத்தைச் செய்ததுண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

நகலெடுப்பும் கோட்டின் மாற்றமும்

கருவி மாறும்போது வரைவும் மாறுகிறது என்பதற்குக் கணினி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1842இல் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர் நீலப்படி எடுக்கும் வேதிமுறையைக் கண்டறிந்தார். அதற்குமுன் ஒரு வரைபடத்துக்குப் பத்துப் படிகள் வேண்டுமானால், பத்து முறை கையால் பெயர்த்து வரைய வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் நீலப்படி கட்டட அலுவலகங்களில் பரவியது. ஒளி ஊடுருவும் தாளில் கருமையான கோடுகளால் வரைந்தால்தான் படி தெளிவாக விழும். நிழல் தீட்டிய நுண்மைகளுக்கு அதில் இடமில்லை. கட்டுமானத்துக்கான வரைபடத்தில் வண்ணமும் நிழலும் பின்வாங்க, கோடு மட்டும் அரசோச்சத் தொடங்கியது. படியெடுக்க வந்த கருவி, வரைபவரின் கையையே மாற்றிவிட்டது.

1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் நிறுவிய பௌஹௌஸ் பள்ளி வேறொரு வழியைக் காட்டியது. அங்கே மாணவர் முதலில் பயின்றது ஜொஹானஸ் இட்டன் வகுத்த அடிப்படைப் பாடம். மரம், உலோகம், துணி, தாள் ஆகியவற்றைத் தொட்டும் வெட்டியும் மடித்தும் பொருளின் இயல்பை உணர்வது அதன் நோக்கம். வியப்பு என்னவெனில், கட்டடத்தை எல்லாக் கலைகளின் இலக்காகப் பறைசாற்றிய அப்பள்ளியில் கட்டடக்கலைத் துறை தொடங்கியது 1927இல்தான். 1933இல் பள்ளி மூடப்பட்டது. ஆயினும், ‘முதலில் கை, பிறகு கட்டடம்’ என்னும் அதன் வரிசைமுறை உலகெங்கும் உள்ள பள்ளிகளின் முதலாண்டுப் பாடத்தில் ஊன்றிவிட்டது.

சிட்னியின் ஓடுகள்

கையும் கணினியும் முதன்முதலில் பெரிய அளவில் கைகோத்த களங்களுள் ஒன்று சிட்னி இசைநாடக மாளிகை. 1957இல் நடந்த அனைத்துலகப் போட்டியில் டென்மார்க்கைச் சேர்ந்த ஜோர்ன் உட்சன் வென்றார். அவர் அனுப்பியவை கட்டற்ற வளைவுகள் கொண்ட கைவரைவுகள். கடல் முனையில் பாய்மரங்கள் விரிந்ததுபோன்ற அக்கூரைகள் காண்போரைக் கவர்ந்தன. ஆனால், அவற்றைக் கட்டுவது எவ்வாறு என்பதற்கு அவ்வரைவுகளில் விடை இல்லை.

ஓவ் அரூப் தலைமையிலான பொறியாளர்கள் பரவளையம், நீள்வளையம் முதலிய வடிவங்களைப் பல ஆண்டுகள் முயன்று பார்த்தனர். தாங்குதிறனைக் கணக்கிட அக்காலக் கணினிகளையும் பயன்படுத்தினர். 1961இல் உட்சன் ஒரு தெளிவுக்கு வந்தார்: கூரை ஓடுகள் அனைத்தையும் ஒரே கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாகக் கொண்டால், எல்லாவற்றுக்கும் வளைவு ஒன்றாகிவிடும், உறுப்புகளை ஒரே மாதிரி அச்சில் வார்க்கலாம். ஆரஞ்சுப் பழத்தோலின் துண்டுகளைக்கொண்டு ஒரு சிறுவனுக்கும் விளக்கக்கூடிய எளிமை அது. உட்சன் 1966இல் பணியிலிருந்து விலகினார். மாளிகை 1973இல் திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றை எப்பக்கமும் தன் வெற்றியாகக் கூறிக்கொள்ள முடியாது. கைவரைவு இல்லையேல் அக்கனவே தோன்றியிராது. கணக்கீடு இல்லையேல் அது தாளிலேயே தங்கியிருக்கும். இரண்டையும் இணைத்தது மூன்றாவது ஒன்று: வடிவக்கணிதத்தைப் பற்றிய தெளிந்த அறிவு. கருவிகளைப் பற்றிப் பேசுகையில் நாம் மறந்துவிடுகிற பாடம் இது.

திரையில் ஒரு பேனா

சிட்னியில் கூரை எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1963ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் என்னும் ஆய்வு மாணவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலைத் தம் முனைவர் பட்ட ஆய்வாக அளித்தார். டி.எக்ஸ்-2 என்னும் கணினியின் திரைமேல் ஒளிப்பேனாவை வைத்து வரைந்தால் கோடு தோன்றும். இரண்டு கோடுகள் இணையாக இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டால் கணினி அவற்றை இணையாக்கும். ஓர் உருவை மூலமாக வைத்துப் பல படிகள் அமைத்தால், மூலத்தை மாற்றியதும் படிகள் யாவும் மாறும்.

கணினி வரைவு பிறந்தபோது அதன் கையில் இருந்தது பேனாதான் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. கைக்கும் கணினிக்கும் பகை என்பது பிறவிப்பகை அன்று. 1982இல் தனியாள் கணினிகளுக்காக ஆட்டோகேட் மென்பொருள் வெளிவந்தபின், சுட்டெலியும் விசைப்பலகையும் ஒளிப்பேனாவின் இடத்தைப் பிடித்தன. அலுவலகங்களிலிருந்து வரைமேசைகள் மெல்ல மெல்ல வெளியேறின.

அம்மாற்றத்தில் மாணவர் பெற்றவை பல. ஒரே சாளரத்தை ஐம்பது முறை வரையும் சலிப்பு நீங்கியது. பிழையைத் திருத்தச் சவர அலகால் மையைச் சுரண்டும் வேலை ஒழிந்தது. இழந்ததும் ஒன்று உண்டு, அது அளவுணர்வு. கைவரைவில் மாணவர் முதலில் விகிதத்தைத் தேர்ந்தெடுக்கிறார். நூற்றில் ஒரு பங்கு என்று முடிவு செய்துவிட்டால், ஒரு மீட்டர் அகலக் கதவு தாளில் ஒரு செண்டிமீட்டர்தான். அந்த ஒரு செண்டிமீட்டருக்குள் கைப்பிடியின் வேலைப்பாட்டை வரைய முடியாது, வரையவும் தேவையில்லை. எதை இப்போது சிந்திக்கவேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதைத் தாளே கற்பித்தது. திரையிலோ முழு அளவில் வரைந்து, வேண்டியவாறு பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்கலாம். கதவின் திருகாணியில் மணிக்கணக்காக மூழ்கியிருக்கும் மாணவர், அக்கதவு தவறான சுவரில் இருப்பதைக் காணத் தவறலாம்.

தாளற்ற கூடம்

1994இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளி, பெர்னார்ட் சூமியின் தலைமையில், ‘தாளற்ற வடிவமைப்புக் கூடங்களை’த் தொடங்கியது. உயர்திறன் கணினிகள் வகுப்பறைக்குள் வந்தன. கிரெக் லின், ஹானி ரஷீத் முதலிய இளம் ஆசிரியர்கள் அவற்றை வரைவதற்கான கருவியாக மட்டும் கருதவில்லை. வடிவங்களைக் கண்டறிவதற்கான கருவியாகவே கருதினர். திரைப்பட அசைவூட்டத்துக்கு உருவான மென்பொருள்கூடக் கட்டட வடிவத்தைத் தேடப் பயன்பட்டது. 1999இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கட்டி முடிக்கப்பட்ட கொரியப் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம் அவ்வணுகுமுறையின் விளைவு. கிரெக் லின், டக்ளஸ் கரோஃபாலோ, மைக்கேல் மெக்கின்டர்ஃப் ஆகிய மூவர், வெவ்வேறு நகரங்களில் இருந்தபடி கணினிக் கோப்புகளைப் பரிமாறிக்கொண்டு அதை வடிவமைத்தனர்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் திறந்தது. ஸ்பெயினின் பில்பாவ் நகரில் 1997இல் திறக்கப்பட்ட குக்கன்ஹைம் அருங்காட்சியகத்தை வடிவமைத்த ஃபிராங்க் கேரி, கணினியைத் தாமே இயக்கியவர் அல்லர். அவருடைய கையிலிருந்து பிறந்தவை கிறுக்கல் போன்ற கோட்டுருக்களும், தாளாலும் மரத்தாலும் செய்த மாதிரிகளும். அம்மாதிரிகளின் பரப்பைப் புள்ளி புள்ளியாக அளந்து கணினிக்குள் ஏற்றினர் அவருடைய அலுவலகத்தார். வானூர்தி வடிவமைப்புக்கென உருவான கேட்டியா மென்பொருள் அவ்வளைவுகளைக் கட்டத்தக்க அளவுகளாக மாற்றியது. கொலம்பியாவில் வடிவம் திரைக்குள் பிறந்தது. பில்பாவில் கைக்குள் பிறந்து திரைக்குள் வளர்ந்தது. இரண்டும் கட்டடமாயின. ஆகவே, இவற்றுள் ஒன்று மட்டுமே சரியானது என்று தீர்ப்பளிக்க வரலாறு நமக்கு இடம் தரவில்லை.

வரைதல் இறந்துவிட்டதா?

2012 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளி ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. ‘வரைதல் இறந்துவிட்டதா?’ என்பதே அதன் தலைப்பு. அதே ஆண்டில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்த கட்டடக்கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ், நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதுபற்றி எழுதினார். அவர் வரைவுகளை மூன்றாகப் பகுத்தார். கண்டதையும் தோன்றியதையும் நினைவில் நிறுத்தும் குறிப்பு முதலாவது. ஒரு திட்டத்தைப் படிப்படியாக ஆராயும் ஆய்வு வரைவு இரண்டாவது. கட்டுவோர்க்கு அளிக்கும் முடிவான வரைவு மூன்றாவது. மூன்றாவதைக் கணினிக்கு விட்டுக்கொடுப்பதில் அவருக்குத் தயக்கம் இல்லை. முதலிரண்டிலும் கையும் கண்ணும் மனமும் சேர்ந்து இயங்குவதால், அவற்றைக் கைவிடலாகாது என்பதே அவர் வாதம்.

இப்பகுப்பு ‘கையா, கணினியா?’ என்னும் கேள்வியை ‘எப்போது கை, எப்போது கணினி?’ என்று மாற்றியது. கிரேவ்ஸ் போட்ட எல்லைக்கோட்டை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கணினியாலும் ஆராய முடியும் என்பதைக் கொலம்பியா காட்டிவிட்டது. ஆனால், கேள்வியை அவர் மாற்றிய விதம் கற்பிப்போருக்குப் பெரிதும் பயன்படுவது.

நம் தீவின் நிலை

சிங்கப்பூரில் கட்டடக்கலைக் கல்வி 1958இல் சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தொடங்கியது. 1969இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. அதுவே இன்றைய தேசியப் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலைத் துறையாக வளர்ந்துள்ளது. தொடக்கக் காலத்து மாணவர் கையில் இருந்தவை டி வடிவ மட்டக்கோலும் முக்கோண மட்டமும் பென்சிலும் மைப்பேனாவுமே.

இன்று தொழிலுலகம் வேறு. கட்டட, கட்டுமான ஆணையம் 2013 முதல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக்கலைத் திட்டங்களைக் கட்டடத் தகவல் மாதிரியாக மின்வழி அளிக்கவேண்டும் என்று விதித்தது. 2015இல் அவ்வரம்பு 5,000 சதுர மீட்டராகக் குறைந்தது. இம்மாதிரியில் சுவர் என்பது இரண்டு கோடுகள் அன்று. அதன் பருமன், உயரம், பொருள் யாவும் உள்ளடங்கிய ஒரு முழுப்பொருள். திட்டத்தை ஒரிடத்தில் மாற்றினால் தளப்படம், வெட்டுத்தோற்றம், பொருட்பட்டியல் அனைத்திலும் மாற்றம் ஏறும். இதைக் கற்பிக்காமல் மாணவரை வேலைக்கு அனுப்பும் பள்ளி தன் கடமையில் தவறியதாகும்.

ஆனால், அதே மாதிரி மாணவரை உடனே பதில் சொல்லும்படி நெருக்குகிறது. ‘இது என்ன சுவர்?’ என்று கேட்கிறது. ஆயத்தப் பட்டியலையும் நீட்டுகிறது. அங்கே சுவர் வேண்டுமா, ஒரு மரநிழல் போதுமா என்று மாணவர் இன்னும் முடிவு செய்யாதிருக்கலாம். பென்சிலின் மங்கிய கோடு அந்தத் தயக்கத்தை ஏற்றுக்கொள்ளும். மென்பொருள் எளிதில் ஏற்பதில்லை. முடிவெடுக்கும் முன்பே முடிவெடுத்ததாகத் தோன்றச் செய்வதே இன்றைய கருவியின் பெரும் இடர்.

ஆதலால், பல பள்ளிகளில் இரண்டையும் மாறிமாறிக் கையாளும் முறை வழக்குக்கு வந்துள்ளது. களத்தில் நின்று கையால் வரைதல், அதைக் கணினியில் அளவுபட அமைத்தல், அம்மாதிரியிலிருந்து ஒரு தோற்றத்தைத் தாளில் அச்சிட்டு, அதன்மேல் மெல்லிய படித்தாளை விரித்து மீண்டும் கையால் திருத்துதல், அத்திருத்தத்தை மறுபடியும் கணினிக்குள் ஏற்றுதல் எனச் சுழல்வது அம்முறை. மென்பொருளில் நாம் ‘அடுக்கு’ என்று கூறுவதும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படித்தாளை விரித்து வரைந்த பழைய பழக்கத்தை ஒத்ததே.

அளந்து வரைதலும் இவ்வகையிற் சேரும். சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகிய வட்டாரங்கள் 1989இல் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள கடைவீடு ஒன்றின் ஐந்தடி நடைபாதையில் அளவுநாடாவுடன் நிற்கும் மாணவர், தூணின் பருமனையும் படியின் உயரத்தையும் தம் உடலால் அறிகிறார். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ‘கலாம்’ ஆய்வு மையத்தில், மாணவர்கள் அளந்து வரைந்த மரபுக் கட்டடங்களின் வரைவுகள் தொகுத்துப் பேணப்படுகின்றன. கட்டடம் அழிந்தாலும் அவ்வரைவு எஞ்சும்.

எரிந்த கூரை

எஞ்சிய வரைவு எவ்வாறு உதவும் என்பதற்குப் பாரிஸின் நோத்ர தாம் பேராலயமே சான்று. 2010இல் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன், லேசர் கருவியைப் பேராலயத்தின் பல இடங்களில் நிறுத்தி, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாக அதைப் பதிவு செய்தார். 2014இல் ரெமி ஃபுரோமோன், செட்ரிக் திராந்தசோ என்னும் இரு கட்டடக்கலைஞர்கள், ‘காடு’ என்று அழைக்கப்பட்ட கூரையின் ஓக் மரச் சட்டகத்தை உத்திரம் உத்திரமாக அளந்து வரைந்து முடித்தனர். 2019 ஏப்ரல் 15ஆம் நாள் அக்கூரை எரிந்து வீழ்ந்தது.

மறுகட்டுமானத்துக்கு இரண்டும் தேவைப்பட்டன. லேசர் பதிவு கட்டடத்தின் வடிவத்தை, அதன் சாய்வுகள் கோணல்கள் உட்பட, துல்லியமாகக் காட்டியது. ஆனால், கருவி தன் கண்ணுக்குப் பட்ட பரப்பை மட்டுமே அறியும். எந்த உத்திரம் எதனுள் எவ்வாறு பொருந்தியது என்பதை அறிய, அதைப் புரிந்துகொண்டு வரைந்த மனிதர் வேண்டும். அவ்வரைவுகளைத் துணைகொண்டு தச்சர்கள் ஓக் மரங்களைக் கோடரியால் செதுக்கினர். 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அளந்து வரைந்தவர்கள் தீயை எதிர்பார்த்து வரையவில்லை. கட்டடத்தை அறிந்துகொள்ளவே வரைந்தார்கள்.

நம் வகுப்பறைக்கு

வரலாறு நமக்கு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. எந்தக் கருவியும் குற்றமற்றதன்று. கையும் ஏமாற்றும், கணினியும் ஏமாற்றும். எந்தக் கருவியும் வெறும் கருவியன்று. அது பயன்படுத்துவோரின் சிந்தனையையும் வடிவமைக்கும். ஆகவே, எதை எப்போது மாணவர் கையில் கொடுப்பது என்பதே கற்பிப்போரின் உண்மையான பொறுப்பு.

இப்பொறுப்பு கட்டடக்கலை ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் வகுப்பில் மாணவர் விசைப்பலகையில் ஓரிரு எழுத்துகளைத் தட்டியதும் திரை முழுச் சொல்லையும் நீட்டுகிறது. லகரமா, ளகரமா, ழகரமா என்று எண்ணும் முன்பே விடை வந்து நிற்கிறது. மென்பொருள் ஆயத்தச் சுவரை நீட்டுவதும் இதுவும் ஒன்றே. விசைப்பலகையை விலக்குவது தீர்வாகாது. நாளை அவர்கள் எழுதப்போவது அதில்தான். ஆனால், நீட்டப்படும் சொற்களுள் சரியானதைத் தேர்ந்தெடுக்க, அச்சொல் முன்பே மனத்தில் பதிந்திருக்க வேண்டும். அதைப் பதிக்கும் வேலையைத் தாளில் மெதுவாக ஊரும் பேனா இன்றும் செய்து வருகிறது.

கட்டடக்கலைக் கூடத்தில், அச்சிட்ட கணினிப் படத்தின்மேல் படித்தாளை விரிக்கும் மாணவரை எண்ணிப் பார்ப்போம். அடியில் கணினியின் கோடு, மேலே அவருடைய கோடு. இரண்டும் பொருந்தாத இடத்தில் அவர் ஒரு கணம் நிற்கிறார். எது சரி என்று எண்ணுகிறார். கற்றல் நிகழ்வது அந்த ஒரு கணத்தில்தான். அக்கணத்தை நம் மாணவர்க்கும் அமைத்துத் தருவது நம் கடமை.